அடிக்குரலுக்கு எத்தனை எம்.எம்.?

"இப்பக் கேக்குதா?"

"இல்ல."

"நல்லாக் கேளு ஜெஸி. எல்லாரும் 'ஆமென்'னு மேல மேல போறாங்கல்ல? அப்ப அடியில ஒருத்தன் மட்டும் தரையை விடாம நிக்கிறான் பாரு. அது நான்தான்."

"தரையில எங்க நிக்கிறீங்க? ஸ்டூல் மேலல்ல நிக்கிறீங்க. மொதல்ல இறங்குங்க, விழுந்து வைக்கப் போறீங்க."

ஞானசீலன் இறங்கினார். ஐம்பது வயதைத் தாண்டிய தமிழாசிரியர் ஒருவர், ஸ்பீக்கர் பெட்டி மேல் காதை வைத்துக்கொண்டு ஸ்டூலில் நிற்பது பார்க்கக் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் நிலைமை அப்படி.

கோச்சடை தேவாலயத்தின் பாடகர் குழுவில் அவர் பல வருடங்களாக 'பேஸ்' பாடுகிறவர். அதாவது அடிக்குரல். உச்சத்தில் சொப்ரானோ பாடுகிற பெண்களுக்கு ஆராதனை முடிந்ததும் பாராட்டு கிடைக்கும். ஆண்களில் மேல்குரலான டெனர் பாடுகிறவர்களுக்குக் கையாவது குலுக்குவார்கள். பேஸ் பாடுகிறவரை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவனைக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடாத மாதிரிதான் இதுவும் என்று ஞானசீலன் தன்னைத்தானே தேற்றிக்கொள்வார்.

ஊரார் கேட்காததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். கட்டிய மனைவி சொன்னதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. போன கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஜெஸி சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

"ஏங்க, நீங்க பாடுறீங்களா, இல்ல வாயை மட்டும் அசைக்கிறீங்களா? மூணாவது பெஞ்சுல உக்காந்துங்கூட எனக்கு ஒன்னும் கேக்கலியே."

அன்று ராத்திரி பிளம் கேக் அவருக்குக் கசந்தது.

அந்த ஆராதனையின் ஒலிப்பதிவு அவர் கையில் இருந்தது. செல்போனில் போட்டால் கொசு பாடுவது போலக் கேட்டது. டிவியில் போட்டால் அதைவிடக் கொஞ்சம் பெரிய கொசு. அடிக்குரல் கேட்க வேண்டுமானால் நல்ல ஆம்ப்ளிஃபையரும் பெரிய ஸ்பீக்கரும் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். வாஷிங் மெஷினுக்கென்று இரண்டு பேருமாக ஒதுக்கி வைத்திருந்த பணம் பீரோவில் இருந்தது. ஞானசீலன் ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே டவுன்ஹால் ரோட்டுக்குப் போனார்.

ஆட்டோவில் இருந்து இரண்டு பெரிய பெட்டிகள் இறங்கியதைப் பார்த்து ஜெஸிக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாஷிங் மெஷின் இரண்டு பாகமாக வருகிறது என்று நினைத்துவிட்டாள். பெட்டியைப் பிரித்த பிறகு அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

ஆனால் அவள் சண்டை போடவில்லை. அமைதியாக ஒரு தீர்ப்பு சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். சர்ச் முடிஞ்சு வந்து நான் உக்காந்து கேப்பேன். உங்க குரல் இதுதான்னு என் காதுக்குத் தெரியணும். தெரிஞ்சா இந்தப் பொட்டி இங்கயே இருக்கட்டும், நான் சாகுற வரைக்கும் கல்லுலயே துவைக்கிறேன். தெரியலைன்னா திங்கக்கிழமை இதைத் திருப்பிக் குடுத்துட்டு மெஷின் வாங்குறீங்க. சரியா?"

"சரி" என்றார் ஞானசீலன். ஒரு வாரத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னதை அவர்தான் பெருமையாக அவளிடம் சொல்லித் தொலைத்திருந்தார்.

அந்த முதல் நாள் பரீட்சையில்தான் ஜெஸி, "இல்ல" என்று சொன்னது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பிறகு ஹாலை ஒரு சுற்று பார்த்தாள்.

"ரெண்டு பொட்டியும் இங்க இருந்தா என் ஷோகேஸ் கண்ணாடி ஆடுது. எதிர்ச் சுவர் பக்கம் தூக்கி வைங்க."

"பிளக் பாயின்ட் இந்தப் பக்கம் இருக்கே. ஒயர் நடு ஹால்ல போகுமே."

"தரையில ஒயர் கிடந்தா நான் தடுக்கி விழுவேன். சுவத்துல ஆணி அடிச்சா இப்பத்தான் அடிச்ச பெயின்ட் போயிரும். வென்டிலேட்டர் வழியா வெளிய விட்டு, பொம்பளைக சந்து வழியாச் சுத்தி, அந்த வென்டிலேட்டர் வழியா உள்ள கொண்டாந்துருங்க. அம்புட்டுதான."

அந்தச் சந்து பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஞானசீலன் குடியிருந்தது ஒரு காம்பவுண்டு வீடு. இந்தப் பக்கம் அவருடைய வீடு, எதிர்ப் பக்கம் வரிசையாக நாலு வீடு, நடுவில் கை நீட்டினால் தொட்டுவிடுகிற அகலத்தில் ஒரு சந்து. துவைக்கிற கல், அடிபம்பு, பாத்திரம் கழுவுகிற இடம் எல்லாம் அங்கேதான். அந்தச் சந்துக்குள் ஆண்கள் போவதில்லை. யாரும் சட்டம் போடவில்லை, காம்பவுண்டில் அப்படி ஒரு வழக்கம். ஆண்களின் கண் படக்கூடாதென்று ஞானசீலன் வீட்டுப் பக்க ஜன்னல்களின் கதவைக்கூட எந்தக் காலத்திலோ ஆணி அடித்து மூடிவிட்டார்கள். குடிவந்த நாளில் இருந்து ஞானசீலன் அந்தச் சந்தைப் பார்த்ததே இல்லை. அங்கிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒரே ஒரு ஆணுக்கு மட்டும் அங்கே நுழைய அனுமதி உண்டு. எதிர் வரிசையில் முதல் வீட்டு சிவபாண்டிக்கு. கல்யாண மண்டபங்களுக்கு சீரியல் லைட் கட்டுவது அவன் தொழில். காம்பவுண்டில் பல்பு எரியவில்லை, மோட்டார் ஓடவில்லை என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும், "அக்கா, வாரேன்" என்று வாசலிலேயே ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவான்.

ஞானசீலன் அவனைக் கூப்பிட்டு, கடையில் ஸ்பீக்கரோடு கொடுத்த ஒயரைக் காட்டினார். சிவபாண்டி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான்.

"சார், இது ஒயரா? பட்டம் விடுற நூலா?"

"ஏன்ப்பா, கடையில குடுத்ததுதான்."

"பக்கத்துல பக்கத்துல இருந்தாப் பரவால்ல சார். நீங்க சந்தைச் சுத்தில்ல கொண்டு போகணும்? தூரம் போகப் போக ஒயரே பாதிச் சத்தத்தைக் குடிச்சிரும். தண்ணிக் குழா மாதிரிதான். ஒல்லிக் குழாயில மொட்டமாடிக்குத் தண்ணி ஏறுமா? ஒன்னரை எம்.எம். தடிமன்ல போடுங்க. கும்முனு வரும்."

ஞானசீலனுக்கு விஷயம் பளிச்சென்று புரிந்தது. அடிக்குரல் கேட்காததற்குக் காரணம் அடிக்குரல் அல்ல, ஒல்லி ஒயர். இத்தனை வருடம் கழித்து அவருக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது.

மறுநாள் ஒன்றரை எம்.எம். ஒயர் வந்தது. சந்து வேலையை முழுக்க சிவபாண்டியே பார்த்துக்கொண்டான். ஜெஸி மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். ஞானசீலன் கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டைப் போட்டு, ஹாலின் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கேட்டது! சத்தியமாகக் கேட்டது. பெண்களின் குரல் மேலே பறக்க, அடியில் இருந்து கனமாக ஒரு குரல் எழும்பி வந்து அத்தனையையும் தாங்கிக்கொண்டு நின்றது. அவருடைய குரல். ஞானசீலனின் கண்கள் கலங்கிவிட்டன. தன் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்கே அன்றுதான் தெரியும். அதே வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பக்கத்தில் யாராவது இருந்தால் கட்டிப்பிடித்திருப்பார்.

ஜெஸி வந்ததும் வராததுமாக, "செருப்பைக் கழட்டாத, அப்படியே உக்காரு, உக்காரு" என்று இழுத்து உட்கார வைத்தார்.

"இருங்க, கொடியில துணி காயுது, எடுத்துட்டு வந்துர்றேன்" என்று சந்துக்குள் போனாள். துணி எடுக்க அவ்வளவு நேரம் ஆகுமா என்ன? அங்கே நின்று எதிர் வீட்டுப் பெண்களோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, சிவபாண்டி வீட்டிலும் ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகத்தான் வந்தாள். பாட்டைப் போட்டார்.

சத்தம் சவசவ என்றிருந்தது.

"எங்கங்க?" என்றாள் ஜெஸி.

"இப்பத்தான்... இப்பத்தான் இடி மாதிரி கேட்டுச்சு!"

"யாருக்கு?"

"எனக்கு!"

"உங்களுக்குக் கேக்குறது இல்லைங்க, எனக்குக் கேக்கணும். அதுதான பேச்சு?" என்று சொல்லிவிட்டு, துணியை மடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் அடுத்த நாள் அவர் நடத்திய பாடம் பாதியில் நின்றது. எல்லாவற்றையும் ஒயராகவே பார்க்க ஆரம்பித்திருந்தார். மாலையில் பாடகர் குழுவின் கீபோர்டு வாசிப்பவன் ஜூடைப் பிடித்தார். ஜூடு வங்கியில் வேலை பார்க்கிறவன். ஆனால் எந்த விஷயத்தைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவான். தெரியாது என்ற வார்த்தை அவன் வாயில் இருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

"அண்ணே, ரெண்டு ஸ்பீக்கருக்கும் ஒயர் ஒரே நீளமா?"

"எப்படிடா ஒரே நீளமா இருக்கும்? ஒன்னு கிட்ட இருக்கு, ஒன்னு எட்ட இருக்கு."

ஜூடு தலையில் கை வைத்தான். "போச்சு! ஒரு காதுக்கு முந்தி வரும், ஒரு காதுக்குப் பிந்தி வரும். நடுவுல உங்க பேஸ் காணாமப் போயிரும். ரெண்டும் ஒரே நீளம் இருக்கணும்ணே. மிச்சத்தைச் சுருட்டித் தொங்க விட்டுருங்க. அப்புறம் ஒன்னரை பத்தாது, ரெண்டரை எம்.எம். போடுங்க. ஆமா, ஒன்னு கேக்குறேன். அக்காவே பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்குறவங்கதான? கரன்ட்டைப் பத்தி அவங்களுக்குத் தெரியாததா? அவங்கட்டயே கேட்டுரலாம்ல?"

"போடா இவனே. கேஸை எப்படி ஜெயிக்கிறதுன்னு ஜட்ஜ்கிட்டயே போய்க் கேப்பாங்களா?"

அதுவும் சரிதான் என்று ஜூடு ஒத்துக்கொண்டான்.

ரெண்டரை எம்.எம். ஒயர் வந்து இறங்கியது. மிச்ச ஒயரைச் சுருட்டி சந்தில் ஒரு ஆணியில் மாட்டியதாக சிவபாண்டி வந்து சொன்னான். "இன்னும் ரெண்டு வீட்டுக்கு இழுக்கலாம் சார், அம்புட்டு ஒயர் மிச்சம் கிடக்கு" என்று சிரித்தான். ஞானசீலனும் சிரித்தார்.

பாட்டைப் போட்டார். சத்தம் முன்னைவிடக் குறைந்திருந்தது. வால்யூமைத் திருகினார். அதற்கும் மசியவில்லை. இன்னும் திருகினார். ஆம்ப்ளிஃபையர் சூடானது. தொட்டுப் பார்த்தால் கையைச் சுட்டது.

ஜெஸி வந்து ஒரு தூக்குச்சட்டியை அதன் மேல் வைத்தாள்.

"என்ன இது?"

"இட்லி மாவு. இந்தக் குளிர்ல புளிக்கவே மாட்டேங்குது. இது நல்ல கதகதப்பா இருக்கு. பரவால்லங்க, ஒரு விதத்துல உபயோகமான பொருளாத்தான் வாங்கியிருக்கீங்க."

ஞானசீலனுக்கு அவமானம் தாங்கவில்லை. அதைவிட, பயம் பிடித்துக்கொண்டது. ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. பொட்டி போனால் போகட்டும். ஆனால் தன் குரல் இருக்கிறது என்று இனி எந்தக் காலத்திலும் அவளிடம் நிரூபிக்க முடியாது. 'வாயை மட்டும் அசைக்கிறவர்' என்ற பட்டம் கல்லறை வரைக்கும் கூட வரும்.

தெருப் பக்கமாகச் சுற்றிப் போய் சிவபாண்டி வீட்டு வாசலில் நின்றார்.

"ஏம்ப்பா, தடிமனா மாத்த மாத்தச் சத்தம் குறையுதே, இது என்னப்பா நியாயம்?"

சிவபாண்டி உள்ளே திரும்பி யாரையோ பார்த்தான். பிறகு தாடையைச் சொறிந்தான்.

"ரெண்டரையும் பத்தலை போல சார். நாலு எம்.எம். போட்டுப் பாத்துருவோமா?"

"நாலா! அது மோட்டாருக்குப் போடுறதுல்ல?"

"உங்க குரல் மட்டும் என்ன சார், மோட்டார் மாதிரி கனமான குரல்தான?"

அந்த ஒரு வார்த்தையில் ஞானசீலன் விழுந்துவிட்டார். நாலு எம்.எம். வாங்கினார்.

நாலு எம்.எம். ஒயர் ஒரு சாரைப்பாம்பு கனத்துக்கு இருந்தது. ஸ்பீக்கரின் பின்னால் ஒயரைச் சொருகுகிற ஓட்டையோ ஒரு பென்சில் முனை அளவு. அழுத்திப் பார்த்தார், நுழையவில்லை. திருகிப் பார்த்தார், நுழையவில்லை. ஒருநாளும் கோபப்படாத மனுஷர், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அமுக்கு அமுக்கினார். ஒயரைப் பிடிக்கிற கிளிப் உடைந்து அலமாரிக்கு அடியில் போய் விழுந்தது.

"கம்பியில பாதியை வெட்டி விட்டுட்டுச் சொருகுங்க சார்" என்று வென்டிலேட்டருக்கு வெளியில் இருந்து சிவபாண்டியின் குரல் வந்தது.

"பாதியை வெட்டுறதுக்கு எதுக்குப்பா நாலு வாங்கணும்? ரெண்டே போதுமே!"

வெளியே பெண்கள் சிரிப்பது மட்டும் கேட்டது. எதற்குச் சிரிக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டே, ஞானசீலன் பிளேடால் கம்பிகளைச் செதுக்கி, சொருகி, மேலே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார். அடிபட்ட கைக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஒத்திகை பார்த்தார். பாட்டு ஆரம்பித்தது. பாதியில் ஆம்ப்ளிஃபையருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டு நின்றுவிட்டது. அணைத்துவிட்டுப் போட்டார். மறுபடி டக். விசிறி வைத்துக் காற்று கொடுத்தார். மறுபடி டக்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் என்ன பிரசங்கம் செய்தார் என்று ஞானசீலனைக் கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் பாட்டுக்குத் தனியாக ஒரு ஜெபம் செய்துகொண்டிருந்தார். 'ஆண்டவரே, ஒரே ஒரு பாட்டு. முழுசாகக்கூட வேண்டாம். அந்தக் கடைசி ஆமென் வரைக்கும் மட்டும் அந்த மெஷினுக்கு ஜீவனைக் கொடும்.' பிறகு எழுந்து நின்று எல்லோருக்கும் அடியில் நின்று பாடினார். யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜெஸி பட்டுச் சேலையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"போடுங்க."

ஞானசீலன் பொத்தானை அமுக்கினார். சொப்ரானோக்கள் பாடினார்கள். அடுத்த பெண் குரலான ஆல்ட்டோக்கள் சேர்ந்தார்கள். டெனர்கள் நுழைந்தார்கள். ஞானசீலன் ஒரு விரலை உயர்த்தினார். "இதோ, இதோ, இப்ப வரும் பாரு..."

டக்.

சிவப்பு விளக்கு.

"இரு இரு, இன்னொரு தடவை."

சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், டக்.

"இன்னும் ஒரே ஒரு தடவை ஜெஸி, அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

ஆம்ப்ளிஃபையர் இந்த முறை டெனர் வரைக்கும்கூடப் போகவில்லை. வெளியே சந்தில் யாரோ, "ச்சே!" என்று அலுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"நேர்லயே பாடிக் காட்டட்டுமா?" என்றார் ஞானசீலன், ரொம்பச் சின்னக் குரலில்.

"வேணாங்க. பாருங்க, உங்க பார்ட்டு வர்றப்ப மெஷினே படுத்துருது. அது என்ன பண்ணும், பாவம்" என்று சொல்லி எழுந்த ஜெஸி, அவர் முகத்தைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றாள். அன்றைக்கு மீன் குழம்பில் பெரிய துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தாள். அவருக்கு அது ஆறுதல் பரிசாகத்தான் பட்டது.

திங்கட்கிழமை பொட்டிகள் கடைக்குத் திரும்பின. ஆம்ப்ளிஃபையரைத் தட்டிப் பார்த்த கடைக்காரர், கடையில் இருந்த ஒல்லி ஒயரை மாட்டிப் பாட்டுப் போட்டார். நன்றாகவே பாடியது. "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லையே சார்" என்றார். உடைந்த கிளிப்புக்கு மட்டும் பணம் பிடித்துக்கொண்டார். ஞானசீலன் மிச்சப் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

மாலையில் வாஷிங் மெஷின் வந்தது. ஜெஸி அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடத்தில் கூட்டம் இருக்கிறது என்று, பாதி மனதோடு கிளம்பிப் போனாள். கழிவுத் தண்ணீர் போகிற குழாயை சந்துப் பக்கம் விட வேண்டும் என்று பிளம்பர் சொன்னார். இடத்தைக் காட்ட வீட்டுக்காரர் கூட வர வேண்டும். வேறு வழியில்லை. ஞானசீலன் தொண்டையைக் கனைத்து, "அம்மா, வர்றோம்" என்று குரல் கொடுத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சந்துக்குள் காலை வைத்தார்.

அப்படியே நின்றுவிட்டார்.

எதிர் வரிசையில் நாலு சமையலறை ஜன்னல். நாலிலும் நாலு ஸ்பீக்கர். ஒன்று பழைய டிவியில் இருந்து கழற்றியது. ஒன்று ஆட்டோவின் பின்சீட்டில் இருந்த வட்ட ஸ்பீக்கர். ஒன்று யாருடைய கல்யாணத்துக்கோ வந்த மரப்பெட்டி. கடைசி ஜன்னலில் ஒரு மண்பானை. அதன் வாய்க்குள் ஒரு ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பொருத்தியிருந்தது. நாலில் இருந்தும் ஒயர்கள் புறப்பட்டு, சீரியல் லைட் மாதிரி அழகாக வளைந்து வந்து, அவருடைய நாலு எம்.எம். ஒயரில் சேர்ந்திருந்தன.

பானை இருந்த ஜன்னலுக்குப் பின்னால் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள் அன்னக்கொடி. ஜாக்கெட் தைக்கிறவள். காம்பவுண்டில் பாதிப் பேர் அளவு அவளிடம்தான் இருந்தது.

"என்ன சார், பாட்டுப் பொட்டியைத் திருப்பிக் குடுத்துட்டீகளாமே? ரெண்டு நாளா எனக்கு மெஷின்ல காலே ஓட மாட்டேங்குது."

"இது... இந்த ஒயரெல்லாம்..." ஞானசீலன் ஒவ்வொரு ஜன்னலாகக் கை காட்டினார்.

"உங்க லைனுதான் சார். மொதல்ல சிவபாண்டி வீட்டுல மட்டுந்தான் கேட்டுச்சு. நீங்க ரெண்டரை போட்டதும் அடுத்த ரெண்டு வீட்டுக்கும் இழுத்தான். நாலு போட்டப்பத்தான் என் வீடு வரைக்கும் வந்துச்சு. அம்சமா இருந்துச்சு சார். அதுவும் பானைக்குள்ள வச்சா எம்புட்டு நல்லாக் கேக்குதுங்கிறீக!"

"சிவபாண்டி!" என்று ஞானசீலன் கத்தினார். அவர் இப்படிக் கத்தி காம்பவுண்டில் யாரும் கேட்டதில்லை. "என் ஒயரு, என் மெஷினு! ஒரு வீட்டுப் பாட்டை அஞ்சு வீட்டுக்குப் பிரிச்சு விட்டா அது படுக்காம என்ன செய்யும்? அவன் வரட்டும் இன்னிக்கு, அவனை நான்..."

"ஏன் சார் கோவிக்கிறீக? பாட்டுக் கேக்குறது தப்பா?" என்று அன்னக்கொடி நூலைக் கடித்து அறுத்தாள். "அந்தக் கோயில் பாட்டுல எல்லாரும் மேல போறப்ப அடியில இருந்து ஒரு கொரலு வரும் பாருங்க. கிணத்துக்குள்ள இருந்து ஒருத்தர் பொறுமையாப் பாடுற மாதிரி. எனக்கு மத்தது ஒன்னும் புரியல சார், அந்தக் கொரலு மட்டும் மனசுலயே நின்னுக்கிச்சு. அதுக்காகத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்."

ஞானசீலனின் கோபம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. பிளம்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதைக்கூட அவர் மறந்துபோனார். இத்தனை வருடத்தில் முதல் பாராட்டு. அதுவும் ஒரு பானைக்குள் இருந்து.

"அது... அந்தக் குரல்... நான்தாம்மா."

"அதான் தெரியுமே சார்."

"தெரியுமா? என் குரல்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

"உங்க வீட்டு டீச்சர்தான் சார். பொட்டி வந்த அன்னைக்கே உங்க கொரலு அவுகளுக்கு நல்லாக் கேட்டுருச்சாம், ஒத்துக்கிட்டா வாசிங் மெஷின் வராதேன்னுதான் எங்க நாலு வீட்டுக்கும் லைனை இழுத்து விடச் சொன்னாக!"